மலைப்பாதையில் மறையும் குறை

அக்கரப்பத்தனையிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும் வேன் மணிக்கு 30, 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடாது. ஷொக் அப்சோபர் பழுதாகியிருந்தாலும் "ரோடு மோசம்" என்று சொல்லிச் சமாளித்து விடுகிறோம். அதே வேன் அவிசாவளை தாண்டி, கடுவலையில் அதிவேகப் பாதையில் ஏறி 100 கிலோமீற்றரைத் தொடும்போதுதான் உண்மை தெரியும்.

எனக்கும் அப்படி நேர்ந்தது. பஸ் ஒன்று முந்திச் சென்ற காற்றில் வேன் பக்கவாட்டில் ஆடியது. ஸ்டியரிங்கைப் பிடித்து நிறுத்துவதற்குள் உயிர் போய் வந்தது. அல்லாஹ் காப்பாற்றினான். கராஜில் கழற்றிப் பார்த்தால், புதியவை என்று வாங்கிய பின்பக்க ஷொக் இரண்டும் பழையவை. எண்ணெய் மாற்றி, பெயின்ற் அடித்து, பெட்டியில் போட்டு விற்றிருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் நம்மில் பலர் இன்னும் பழைய டொல்பின் வேன்களையே நம்பியிருக்கிறோம். உதிரிப்பாகம் வாங்கும்போது கவனம் தேவை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவதே ஷொக். உள்ளே எண்ணெய் சிறு துவாரங்கள் வழியாக நெருக்கிப் பாய்வதால் துள்ளல் வெப்பமாக மாறி அடங்குகிறது. மரக்கறி மூட்டை கூடுதலாக ஏற்றலாம் என்று நினைத்துக் கடினமான ஷொக் போடுவது தவறு. வெறும் வண்டியாகத் திரும்பும்போது சக்கரம் துள்ளி, தார் மீதுள்ள பிடிப்பு குறையும். மிருதுவானதைப் போட்டால் வளைவில் வண்டி சாயும். வாகனத்தின் மொடல் இலக்கத்துக்கு உற்பத்தியாளர் குறித்த அளவே சரி.

தொடர்ந்து ஓடும்போது எண்ணெய் சூடேறி நுரைத்தால் ஷொக் வலுவிழக்கும். நைட்ரஜன் வாயு நிரப்பிய வகையில் நுரைப்பது குறைவு. கொழும்பு, காலி என்று அடிக்கடி ஓடுபவர்களுக்கு அதுவே நல்லது. தோட்டப் பாதைகளில் மட்டும் ஓடுபவர்களுக்குத் தரமான எண்ணெய் வகை போதும்.

எண்ணெய்க் கசிவு, டயரில் மேடு பள்ளமான தேய்மானம், பிரேக் பிடித்ததும் முன்பக்கம் குத்துவது ஆகியவை பழுதின் அடையாளங்கள். ஓர் அச்சில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ரப்பர் புஷ்களையும் பாருங்கள். முன்பக்க வேலை முடிந்ததும் வீல் எலைன்மன்ட் பார்ப்பது நல்லது.

பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் பக்கத்து டவுனில் வாங்கினாலும், புதியதா பழையதா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பழையதை விற்பது குற்றமல்ல. மறைத்து விற்பதே குற்றம்.

நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவம் நாம் அறிந்ததே. ஈரத் தானியத்தால் வாங்கியவனுக்குப் பண நட்டம். ஈரம் மறைத்த ஷொக்கினால் ஒரு குடும்பமே போய்விடும். உதிரிப்பாக வியாபாரத்திலுள்ள நம் சகோதரர்கள் இதைச் சிந்திப்பார்களாக.