கால் உடைஞ்சா ஆஸ்பத்திரி பில் மட்டும் இல்ல, சம்பளமும் நிக்கும்!



மழை விட்ட ஒரு சாயங்காலம். ஆபீஸ் முடிஞ்சு பைக்ல வீட்டுக்கு வர்றீங்க. ரோட்டோரம் கிடந்த மணல்ல முன் வீல் வழுக்குது. ஹெல்மெட் போட்டிருந்ததால தலை தப்பிச்சது. ஆனா முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிஞ்சிடுச்சு. ஆபரேஷன் பண்ணி உள்ளே ராடு வைக்கிறாங்க. கம்பெனி குரூப் இன்சூரன்ஸ்ல கேஷ்லெஸ் கிடைச்சது, நாலாவது நாள் டிஸ்சார்ஜ். "அப்பாடா, கைக்காசு பெருசா போகல"ன்னு நினைக்கிறீங்க.

உண்மையான செலவு அன்னைக்குத்தான் ஆரம்பிக்குது.

இந்த எலும்பு நல்லா சேர பொதுவா 3 முதல் 6 மாசம் ஆகும். ஆஸ்பத்திரியில 4 நாள், வீட்டுல 3 மாசம். அந்த 3 மாசத்துக்கு யார் சம்பளம் கொடுப்பா?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம்

கைக்கு வர்ற சம்பளம் 30,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. மிச்சம் இருக்கற லீவு 12 நாள். மூணு மாசம் வேலைக்குப் போக முடியலன்னா, லீவு போக சுமார் இரண்டரை மாசம் லாஸ் ஆஃப் பே. அதாவது 75,000 ரூபாய். பிசியோதெரபி ஒரு தடவைக்கு 500 ரூபாய்னா, 24 தடவைக்கு 12,000. திரும்ப வேலைக்குப் போகும்போது உடனே பைக் ஓட்ட முடியாது; ஆட்டோவுக்கு தினம் 300 வீதம் 25 நாளைக்கு 7,500. மொத்தம் 94,500 ரூபாய்!

இதுல ஆபரேஷன் செலவு ஒரு ரூபாய்கூட சேர்க்கல. வாடகையும், பைக் இஎம்ஐயும், ஊருக்கு அனுப்பற பணமும் உங்க கால் சரியாகற வரைக்கும் காத்திருக்காது.

யார் எதைக் கொடுப்பாங்க?

1. ஹெல்த் இன்சூரன்ஸ்: ஆஸ்பத்திரி செலவுக்கு மட்டும்தான், சம்பளத்துக்கு இல்ல. ஒரு நல்ல விஷயம், புது பாலிசியில இருக்கற முதல் 30 நாள் காத்திருப்பு விபத்துக்குப் பொருந்தாது. டிஸ்சார்ஜுக்கு அப்புறம் வர்ற மருந்து, செக்கப் செலவையும் குறிப்பிட்ட நாள் வரைக்கும் கேட்கலாம். டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தா பிசியோதெரபியும் சேருமான்னு பாலிசியில பாருங்க.

2. பைக் இன்சூரன்ஸ்: இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. அதுல இருக்கற 15 லட்சம் ரூபாய் ஓனர்-டிரைவர் கவர், உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். மூணு மாசத்துல சரியாகற எலும்பு முறிவுக்கு அதுல ஒண்ணும் வராது. வேற வண்டி மேல தப்பு இருந்தா, மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துல இழப்பீடு கேட்கலாம். சட்டம் 6 மாசம்னு சொல்லுது, அதனால தள்ளிப் போடாதீங்க.

3. இஎஸ்ஐ: சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து இஎஸ்ஐ பிடிச்சா, தகுதியைப் பொறுத்து உடம்பு சரியில்லாத நாளுக்கு 70% சம்பளம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவுல நடந்த விபத்தை வேலை சார்ந்த விபத்தா ஏத்துக்கிட்டா அது 90%. உடனே ஹெச்ஆர்கிட்ட எழுத்துல சொல்லுங்க.

4. பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி: 21,000-ஐத் தாண்டினவங்களுக்கு இருக்கற ஓட்டையை அடைக்கறது இதுதான். ஆனா சும்மா வாங்கினா பத்தாது, "தற்காலிக முழு இயலாமை" பலன் இருக்கணும். வேலைக்குப் போக முடியாத ஒவ்வொரு வாரத்துக்கும் பணம் வரும். பல பாலிசியில இது காப்பீட்டுத் தொகையில 1%. 10 லட்சம் கவர்னா வாரம் 10,000. வாராந்திர உச்சவரம்பு எவ்வளவுன்னு கேட்டுட்டு வாங்குங்க.

விழுந்த அன்னைக்கே செய்ய வேண்டியது

முதல்ல 108. தமிழ்நாட்டுல "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்துல, பட்டியல்ல இருக்கற தனியார் ஆஸ்பத்திரியிலகூட முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அப்புறம் பேப்பர்: ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் காப்பி, எஃப்ஐஆர், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஒவ்வொரு மருந்து பில்லும். எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டர்ல போடுங்க. நீங்க படுத்திருப்பீங்க, அலையறது அம்மாவோ ரூம்மேட்டோதான். அவங்களுக்கு அந்த ஃபோல்டர் தெரிஞ்சிருக்கணும்.

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

பிசியோதெரபி. "நடக்க வந்துடுச்சே, போதும்"னு பாதியில விட்டா மூட்டு இறுகிப் போகலாம். சிகரெட் எலும்பு சேர்றதைத் தாமதப்படுத்தும், அதை விட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. சம்பளத்துக்குப் பயந்து டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி பைக் எடுக்காதீங்க. வீட்டுலேர்ந்து வேலை பார்க்க முடியுமான்னு மேனேஜர்கிட்ட முதல் வாரமே கேளுங்க. இஎம்ஐ பவுன்ஸ் ஆகறதுக்கு முன்னாடியே பேங்க்ல பேசுங்க. பவுன்ஸ் ஆன பிறகு பேசினா அபராதமும் சேர்ந்திருக்கும், சிபில் ஸ்கோரும் அடி வாங்கியிருக்கும்.

கடைசியா ஒண்ணு. எமர்ஜென்சி ஃபண்டுன்னு நான் வீடியோவுல சொல்லும்போதெல்லாம், "சின்ன வயசுல எதுக்கு ப்ரோ?"ன்னு கேட்பீங்க. தினம் பைக்ல போறவங்களுக்குத்தான் அது முதல்ல வேணும். இன்னைக்கு ராத்திரி ரெண்டே ரெண்டு வேலை பண்ணுங்க: உங்க லீவு பேலன்ஸ் எவ்வளவுன்னு பாருங்க, மூணு மாசம் சம்பளம் வரலன்னா அக்கவுண்ட்ல என்ன மிஞ்சும்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க.

அந்த நம்பர் உங்களைப் பயமுறுத்தினா நல்லதுதான். காலு நல்லா இருக்கும்போதே பயந்துக்கலாம்.