29 பேருடன் வங்கக்கடலில் மாயமான விமானம்: ஏழரை ஆண்டு கழித்து சிக்கியது எப்படி?

சென்னை: தாம்பரத்தில் இருந்து அந்தமானுக்குக் கிளம்பிய விமானப்படை விமானம் போய்ச் சேரவே இல்லை. உள்ளே இருந்த 29 பேர் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் அவர்களின் குடும்பத்தினர் ஏழரை ஆண்டுகள் தவித்தனர்.

2016-ம் ஆண்டு ஜூலை 22. காலை 8.30 மணிக்கு ஏ.என்.-32 ரக விமானம் தாம்பரத்தில் இருந்து புறப்பட்டது. 11.45 மணிக்கு போர்ட் பிளேரில் இறங்கி இருக்க வேண்டும். 23 ஆயிரம் அடி உயரத்தில் பறந்தபோது, 9.12 மணிக்கு திடீரென இடது பக்கம் திரும்பி மளமளவென்று கீழே இறங்கியது. அவ்வளவுதான், ரேடாரில் இருந்து மறைந்துவிட்டது.

போர்க்கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கி என்று பெரும் படையே தேடியது. ஒரு துண்டு கூட சிக்கவில்லை. செப்டம்பர் மாதம் தேடுதல் நிறுத்தப்பட்டது. 29 பேரும் இறந்துவிட்டதாக முடிவு செய்யப்பட்டது.

ரேடார் இருந்தும் ஏன்?

ரேடார் கதிர் நேர்கோட்டில்தான் போகும். பூமியோ உருண்டை. அதனால் கரையில் இருந்து வெகுதூரத்தில் உயரப் பறக்கும் விமானம் தெரியும். அதுவே தாழ இறங்கினால் தெரியாது. கடைசியாக ரேடாரில் தெரிந்த இடம் ஒன்று, தண்ணீரில் விழுந்த இடம் வேறொன்று. மிதக்கும் பொருட்களையும் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

விபத்து நடந்தால் செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் கருவி விமானத்தில் உண்டு. ஆனால் ரேடியோ அலை கடல் தண்ணீரைத் தாண்டி வராது. தண்ணீருக்குள் விட்டுவிட்டு ஒலி எழுப்பும் கருவி தனி. அந்தக் கருவி இந்த விமானத்தில் இல்லை.

டோர்னியர் சிக்கியது இப்படி

2015-ம் ஆண்டு ஜூன் 8-ந்தேதி இரவு கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் 3 பேருடன் மாயமானது. அதில் ஒலிக் கருவி இருந்தது. அந்தச் சத்தத்தை 'சிந்துத்வஜ்' நீர்மூழ்கி கேட்டது. கடலூருக்கு அப்பால், சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கிடந்த விமானம் ஒரு மாதத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது.

தொட்டபெட்டாவே மூழ்கும் ஆழம்

ஏ.என்.-32 கிடந்ததோ 3,400 மீட்டர் ஆழத்தில். ஊட்டி தொட்டபெட்டாவை அப்படியே உள்ளே இறக்கி வைத்தாலும், உச்சிக்கு மேலே இன்னும் 700 மீட்டருக்கும் அதிகமாகத் தண்ணீர் நிற்கும். அங்கே சூரிய வெளிச்சம் போகாது. முக்குளிப்பவர் யாரும் போக முடியாது.

கடைசியில் கண்டுபிடித்தது ஆள் இல்லாமல் இயங்கும் நீர்மூழ்கி வாகனம். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இதைக் கடலில் இறக்கியது. ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புவதை வைத்து இந்த வாகனம் படம் பிடிக்கும். கேமராவாலும் படம் எடுக்கும்.

சென்னைக் கரையில் இருந்து 140 கடல் மைல் தூரத்தில் உடைந்த பாகங்கள் படத்தில் சிக்கின. அவை ஏ.என்.-32 விமானத்தோடு ஒத்துப்போயின. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் மாயமானது கிடையாது. இதை 2024 ஜனவரி 12-ந்தேதி பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.

விமானம் ஏன் விழுந்தது என்ற காரணம் அந்த அறிவிப்பில் இல்லை. ஆனாலும், "எங்கே போனார்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்த 29 குடும்பங்களுக்கும், இதுதான் இடம் என்று சொல்ல ஒரு பதில் கிடைத்தது.