எண்ணுக்குப் பணியும் உளி



தச்சர் மரத்தில் பூவேலை செய்யும்போது அவர் கண் அளக்கிறது, கை செல்கிறது. கண்ணின் பணியை எண்களிடமும் கையின் பணியை மோட்டார்களிடமும் ஒப்படைத்தால் கிடைப்பதே சி.என்.சி. என்னும் எண்வழி இயங்கும் இயந்திரம். அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பார் ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைப் பிழையின்றி அமைக்க முயன்றதில் முளைத்த கருத்து இது. 1952-ஆம் ஆண்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இத்தகைய இயந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டினர். அதற்கு ஆணையிட்டவை துளையிட்ட நாடாவும் வெற்றிடக் குழாய்கள் நிறைந்த பேழைகளும் ஆகும். இன்றோ, உள்ளங்கையளவான ஆர்டுயினோ பலகையும் 2009-இல் தோன்றிய ‘கெர்பில்’ என்னும் இலவச நிரலும் அப்பணியைச் செய்கின்றன.

ஓய்வு பெற்றபின், அண்டை வீட்டு மாணவர் இருவருடன் என் வீட்டுத் திண்ணையில் ஓர் இயந்திரம் அமைத்தேன். அவர்களுள் ஒருவன் சைக்கிளுக்கெனச் சேர்த்த பணத்தை இதற்கு அளித்திருந்தான்.

கணக்கு எளிது. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகச் சுற்றும். அதனுடன் இணைந்த திருகுத் தண்டு ஒரு சுற்றில் நட்டை 8 மில்லிமீட்டர் நகர்த்தும். எனவே, ஒரு படிக்கு 0.04 மில்லிமீட்டர். முன்பின்னாக, இடவலமாக, மேல்கீழாக என மூன்று திசைக்கும் தனித்தனி மோட்டார் வேண்டும்.

முதலில் உளிக்குப் பதில் பேனாவைக் கட்டி வட்டம் வரையச் செய்தோம். வட்டம் நான்கு இடங்களில் தட்டையாயிற்று! சைக்கிள் பணம் கொடுத்தவன் முகம் வாடிவிட்டது. “அழாதே, அள” என்றேன். தட்டையான நான்கு இடங்களும் ஏதேனும் ஒரு மோட்டார் திசை மாறும் இடங்களே. திசை மாறுகையில், மரைக்கும் நட்டுக்கும் இடையேயுள்ள ஆட்டம் தீரும்வரை தண்டு சுழல்கிறது, நட்டோ நகர்வதில்லை. அளந்தபோது அந்த ஆட்டம் 0.3 மில்லிமீட்டர் இருந்தது. 0.04 என்ற நம் கணக்கு பொய்யன்று. ஆனால் இரும்பு அதற்கு உடன்படவில்லை. இரு நட்டுகளை இடையே சுருள்வில் வைத்துப் பொருத்தினோம், வட்டம் வட்டமாயிற்று.

பின்னர் உளியைப் பொருத்தியதும் வேறொரு குறை தோன்றியது. சிக்கனம் கருதி மெல்லிய ஒட்டுப்பலகையில் அமைத்த 80 சென்டிமீட்டர் பாலம் வெட்டும் விசையில் வளைந்தது. ஒரே விசைக்கு உத்தரத்தின் வளைவு அதன் நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். ஆகவே நீளத்தை 40 சென்டிமீட்டராகக் குறைத்தோம். வளைவு எட்டில் ஒரு பங்காயிற்று. ஒரு பைசாவும் செலவில்லை!

ஆதலின், பணம் குறைவாயின் இயந்திரத்தைச் சிறிதாக்குங்கள், தளர்வாக்காதீர்கள். சட்டத்திலும் திருகுத் தண்டிலும் சிக்கனம் வேண்டா. மரம் குடையும் சாதாரண ரௌட்டரே உளியைச் சுழற்றப் போதும்.

இன்னொன்று. இவ்வகை எளிய இயந்திரத்துக்குக் கண் இல்லை. எங்கேனும் தடைப்பட்டுப் படிகள் தவறினாலும், தான் சரியான இடத்தில் இருப்பதாகவே எண்ணி அது மேலே வெட்டிச் செல்லும். எனவே மின்சாரத்தை உடனே துண்டிக்கும் பொத்தான் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும், மூக்குக்குத் தூசுத் தடுப்பும் அணிந்தே வேலை செய்யுங்கள்.

சைக்கிள் வாங்காத அந்த மாணவன் முதன்முதலில் வெட்டி எடுத்தது, தன் வீட்டு வாசலுக்குத் தந்தையின் பெயர்ப் பலகை. நீங்களும் பேனாவும் காகிதமும் கொண்டு தொடங்குங்கள்.