படகில் நண்டு பிடிப்பு: எதை எடுப்பது, எதை விடுவது?

ஆடு வளர்க்கும் விவசாயி கிடாக் குட்டிகளைச் சந்தைக்கு ஓட்டுவார். பெட்டைக் குட்டிகளைப் பட்டியிலேயே நிறுத்திக் கொள்வார். இருபது, முப்பது பெட்டைகளுக்கு ஒரு நல்ல கிடா போதும். பெட்டை குறைந்தால் பட்டியே குறைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். இதே கணக்கைக் கடல் நண்டுக்கும் வைத்து, பொழுதுபோக்குக்காக நண்டு பிடிக்கப் போகிறவர்களும் அதன்படி நடக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறது, அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலம்.

அம்மாநிலத்தின் சியாட்டில் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் தமிழர்கள் பலர் பணிபுரிகின்றனர். கோடையில் அங்கு மகன், மகள் வீட்டுக்குச் சென்று வரும் விவசாயக் குடும்பத்துப் பெற்றோர்களும் உண்டு. விடுமுறை நாளில் படகெடுத்து நண்டு பிடிக்கப் போவது அங்கே வழக்கமான பொழுதுபோக்கு. அந்த முறையையும், விதிகளுக்கான காரணங்களையும் நம் விவசாயிகள் தெரிந்து கொள்வது நல்லது. காரணங்கள் நம் கடற்கரைக்கும் பொருந்துவனவே.

நண்டின் வாழ்க்கை

சியாட்டில் நகரம், பியூஜெட் சவுண்டு என்னும் உள்கடலின் கரையில் இருக்கிறது. இங்கு பிடிபடும் முக்கியமான நண்டு டஞ்சினஸ் நண்டு. அம்மாநிலக் கடற்கரையிலுள்ள ஓர் ஊரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டுள்ளது. மணல் தரையிலும் கடற்புல் வளர்ந்த இடங்களிலும் இது வாழ்கிறது.

எல்லா நண்டுகளையும் போல இதுவும் ஓடு கழற்றித்தான் வளர வேண்டும். பழைய ஓட்டை விட்டு வெளியே வந்ததும் உடல் மெத்தென்று இருக்கும். நீரை உறிஞ்சிப் பெருக்கும். பிறகு புது ஓடு சில வாரங்களில் கெட்டிப்படும். பெண் நண்டு ஓடு கழற்றி மென்மையாக இருக்கும் சமயத்தில்தான் ஆணுடன் சேரும். ஓர் ஆண் பல பெண்களுடன் சேரக் கூடியது. இலையுதிர் காலத்தில் பெண் நண்டு முட்டைகளை வெளியேற்றி, வயிற்று மடலின் அடியில் கொத்தாகச் சுமக்கிறது. ஒரு பெரிய பெண் நண்டு 25 இலட்சம் முட்டைகள் வரை சுமக்கும். முட்டையிலிருந்து வரும் இளம் உயிரிகள் சில மாதங்கள் கடலில் மிதந்து திரிந்து, பல உருமாற்றங்களுக்குப் பின் தரையில் தங்குகின்றன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை மீன்களுக்கு இரையாகிவிடும். அதனால்தான் இயற்கை இத்தனை இலட்சம் முட்டைகளைக் கொடுத்திருக்கிறது.

மூன்று விதிகள்

நண்டுப் பிடிப்பை அங்கு மூன்று விதிகள் காக்கின்றன: பால், அளவு, பருவம்.

முதலாவது, ஆண் நண்டை மட்டுமே எடுக்கலாம். பெண் நண்டு எத்தனை பெரியதானாலும் அதை உடனே கடலில் விட வேண்டும். ஆட்டுப்பட்டிக் கணக்கு இதுதான்.

இரண்டாவது, பியூஜெட் சவுண்டில் எடுக்கும் ஆண் நண்டின் ஓடு குறைந்தது 6¼ அங்குல அகலம் இருக்க வேண்டும். ஆண் நண்டு இந்த அளவை எட்டுவதற்கு முன்பே பருவத்துக்கு வந்துவிடுகிறது. ஆகவே பிடிபடும் முன் ஒரு முறையாவது இனப்பெருக்கத்தில் பங்கு பெறும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கிறது.

மூன்றாவது, நண்டுகள் பெருமளவில் ஓடு கழற்றும் காலத்தைத் தவிர்த்துப் பருவம் திறக்கப்படுகிறது. அப்படியும் கூண்டில் மென்மையான ஓடுள்ள நண்டு ஏறினால் அதையும் விட்டுவிட வேண்டும். அதில் நீர்தான் மிகுதி, சதை குறைவு. அதே நண்டு சில வாரங்கள் கழித்துப் பிடிபட்டால் நல்ல சதையோடு கிடைக்கும்.

இந்த மூன்றுக்கும் உட்பட்டு ஒருவர் ஒரு நாளில் 5 நண்டுகள் மட்டுமே எடுக்கலாம்.

அடையாளம் காணும் முறை

நண்டை மல்லாத்திப் பார்த்தால் ஆணா, பெண்ணா என்று தெரிந்துவிடும். வயிற்றின் மேல் மடிந்திருக்கும் மடல் ஆணுக்குக் குறுகலாக, நுனி நோக்கிக் கூர்ந்து இருக்கும். பெண்ணுக்கு அது அகன்று வட்டமாக இருக்கும். முட்டைகளைத் தாங்க வேண்டியிருப்பதால் இந்த அகலம்.

அளவெடுக்க அங்கே சிறிய அளவுகோல் விற்கிறார்கள். ஓட்டின் இரு ஓரங்களிலும் கடைசியாக நீட்டிக் கொண்டிருக்கும் பெரிய முள்ளைச் சேர்க்காமல், அதற்கு முன்புறமாக நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். முள்ளையும் சேர்த்து அளந்தால் சிறிய நண்டு பெரியதாகத் தோன்றிவிடும்.

ஓட்டின் அடிப்பக்கத்தையும், காலின் பெரிய கணுவையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அது தண்ணீர் நண்டு; விட்டுவிடுங்கள்.

நண்டைப் பின்பக்கமாகப் பிடித்தால் கொடுக்கு எட்டாது. திருப்பி விடும்போது உயரத்திலிருந்து வீசக் கூடாது. நீர்மட்டத்துக்கு அருகில் கொண்டு சென்று மெல்ல விட வேண்டும். ஓடு விரிந்த நண்டைக் கடலில் விட்டுப் பயனில்லை.

கூண்டும் இரையும்

கம்பி வலையால் செய்த கூண்டே வழக்கமான கருவி. நண்டு உள்ளே தள்ளிக் கொண்டு போகலாம். வெளியே வர முடியாதபடி வாயிற் கதவு இருக்கும். ஒருவருக்கு இரண்டு கூண்டுகள் அனுமதி. கோழிக்கால், மீன் தலை, மட்டிச் சதை ஆகியவை இரையாகும். கூண்டில் இரண்டு விஷயங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

ஒன்று, கூண்டின் மேற்பாதியில் 4¼ அங்குல விட்டமுள்ள இரண்டு வளையங்கள். சிறிய நண்டுகள் இவற்றின் வழியே தாமாகவே வெளியேறிவிடும்.

மற்றொன்று, பருத்தி நூல் கட்டு. படகுகளின் சுழல்விசிறி கயிற்றை அறுப்பதாலும், நீரோட்டம் இழுத்துப் போவதாலும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கூண்டுகள் காணாமற் போகின்றன. அவை கடலடியில் கிடந்தபடியே நண்டுகளைப் பிடித்துக் கொண்டிருக்கும். உள்ளே செத்த நண்டே அடுத்த நண்டுக்கு இரையாகிவிடும். பக்குவம் செய்யாத சாதாரணப் பருத்தி நூலால் கூண்டின் கதவைக் கட்டிவிட்டால், நூல் நாளடைவில் மக்கி அறுந்து கதவு திறந்து கொள்ளும். சில காசு நூல் பல நண்டுகளைக் காப்பாற்றுகிறது. இங்கு நைலான் கயிறு உதவாது, அது மக்காது.

படகில் கவனிக்க வேண்டியவை

ஏறியதும் உயிர்காப்பு உடையை அணிந்து கொள்ள வேண்டும். கோடையிலும் அந்தக் கடல் நீர் கடுங்குளிர்ச்சியானது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட விழுந்தால் விரைவில் விறைத்துப் போவார்.

கூண்டு இறக்கும் இடத்தின் ஆழத்தைவிடக் கயிறு மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்கட்டும். கடல் ஏறும்போது குறைந்த கயிறு மிதவையை நீருக்குள் இழுத்துவிடும். கயிறு நீரின் மேல் மிதக்காமலிருக்க எடை கட்ட வேண்டும். மிதவை பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமாக இருக்க வேண்டும். அதில் உரியவரின் பெயரும் முகவரியும் எழுதப்பட வேண்டும். பிறர் பெயருள்ள கூண்டை அவர் உடன் இல்லாமல் தூக்குவது குற்றம்.

கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே நீரோட்டம் ஓய்ந்திருக்கும் வேளையே கூண்டு தூக்க ஏற்றது. கயிற்றை இழுக்கும்போது அது காலில் சுற்றிக் கொள்ளாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

எடுத்த நண்டுகளை ஈரச் சாக்கால் மூடி, சமைக்கும் வரை உயிருடன் வைத்திருக்க வேண்டும். செத்த நண்டு விரைவில் கெட்டுவிடும், அதைச் சமைக்காதீர்கள். அளவைச் சோதிக்க வசதியாக, கரைக்கு வரும் முன் மேலோட்டைக் கழற்றக் கூடாது என்பதும் விதி. ஓட்டினுள் இருக்கும் மஞ்சள் நிறக் குழம்பைச் சிலர் விரும்பி உண்பர். கடலில் சிலவகை நுண்பாசிகள் பெருகும் காலத்தில் நஞ்சு சேர்வது அதில்தான். 2015-ஆம் ஆண்டில் இந்த நஞ்சு காரணமாக அமெரிக்க மேற்குக் கடற்கரையில் நண்டுப் பருவமே தள்ளிப் போயிற்று. எனவே அதை நீக்கிவிட்டுச் சமைப்பதே பாதுகாப்பு.

கணக்கு அட்டை

பெரியவர்கள் உரிமம் இல்லாமல் நண்டு பிடிக்க முடியாது. ஒவ்வொரு டஞ்சினஸ் நண்டையும் எடுத்த உடனே அட்டையில் குறிக்க வேண்டும். பருவம் முடிந்ததும் கணக்கை அரசுக்கு அனுப்ப வேண்டும். ஒரு நண்டும் கிடைக்காதவரும் அனுப்ப வேண்டும். கோடைக் கணக்கை அனுப்பத் தவறினால் 10 டாலர் தண்டம்.

இதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அப்பகுதியின் பழங்குடி மக்கள் 19-ஆம் நூற்றாண்டில் அரசுடன் செய்து கொண்ட ஒப்பந்தங்களின்படி, பிடிக்கத் தக்க அளவில் பாதி அவர்களுக்கு உரியது. 1974-இல் மீனுக்கும், 1994-இல் நண்டு, மட்டி முதலியவற்றுக்கும் நீதிமன்றங்கள் இதை உறுதி செய்தன. மொத்தம் தெரியாமல் பாதியைப் பங்கிட முடியாது.

கணக்கு இருந்தால்தான் குறைவும் தெரியும். 2018-இல் பியூஜெட் சவுண்டின் தென்கோடிப் பகுதியில் நண்டு மிகவும் குறைந்துவிட்டது கண்டு, அங்கே பிடிப்பை மூடினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளிலும் அது திறக்கப்படவில்லை. குறைந்த இனம் மீள்வதற்குக் காலம் பிடிக்கும்.

விதிகளும் பிடிக்கும் நாட்களும் பகுதிக்குப் பகுதி, ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும். புறப்படும் முன் அவ்வாண்டின் விதிகளைக் கேட்டறிவது அவசியம்.

நம் கடற்கரையில்

பாக் நீரிணைப் பகுதியில் கிடைக்கும் நீல நண்டிலும் பெண்ணின் மடல் அகன்றே இருக்கும். ஆண் நீல நிறம். பெண் பச்சை கலந்த பழுப்பு. சினை நண்டின் முட்டைக் கொத்து முதலில் மஞ்சளாக இருந்து, பொரிக்கும் சமயத்தில் கருமையாகும். கருத்த கொத்துள்ள நண்டு இன்னும் சில நாட்களில் இலட்சக்கணக்கான குஞ்சுகளைக் கடலுக்குத் தரப் போகிறது என்று பொருள். சந்தையில் அதற்குக் கிடைப்பதோ ஒரு நண்டின் விலைதான்.

கடலோரத்திலும் கழிமுகத்திலும் வயல் வேலை இல்லாத நாட்களில் நண்டு பிடிக்கும் சிறு விவசாயிகள் மூன்றை மனதில் கொள்ளலாம். சினை நண்டு உயிருடன் இருந்தால் திரும்ப விடுங்கள். கையகலம்கூட இல்லாத குஞ்சு நண்டுகளை எடுக்காதீர்கள். கூண்டு வைத்தால் கதவைப் பருத்தி நூலால் கட்டுங்கள். தண்ணீர் நண்டை விடுவதா, குளத்தில் மூன்று நான்கு வாரம் இரை போட்டுக் கொழுக்க வைப்பதா என்பது அவரவர் வசதி. அந்த நிலையிலேயே விற்பது மட்டும் நட்டம்.

விதை நெல்லைக் குத்திச் சமைப்பவர் யாரும் இல்லை. கடலுக்கு விதை, சினை நண்டு.