மலையிலிருந்து மடிக்கணினி – 9: வேர்ட் வளைத்த மேற்கோள்குறி

கியா பார்ம் சந்தையில் சனிக்கிழமை மத்தியானம் நிற்க இடம் கிடைக்காது. ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் பிரிஞ்சாங் பக்கம் வாலை நீட்டியிருக்கும். அந்த இரைச்சலில், கடைக்குப் பின்னால் மடிக்கணினியோடு குந்தியிருந்த அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, இங்க ஓடுது. ஈப்போவுல ஓடலையாம்."

காய்கறி விலை போட்டுப் பார்க்க அவன் எழுதிய சின்ன பைத்தான் நிரல். வேர்டில் ஒட்டி, கடைசி நாலு வரியை அங்கேயே திருத்தி, நண்பனுக்கு அனுப்பியிருக்கிறான்.

எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். மேலே உள்ள வரிகளில் மேற்கோள்குறி நேராக நிற்கிறது. அந்த நாலு வரியில் மட்டும், அழகுபடுத்துகிறேன் என்று வேர்ட் அதை வளைத்துவிட்டது. நமக்கு இரண்டும் ஒன்றுதான். பைத்தானுக்கு வளைந்த குறி அந்நியன். பிடிஎப் ஆக்கியிருந்தால் நகலெடுக்கும்போது வரித் தொடக்க இடைவெளி போய்விடலாம். பைத்தானுக்கு அந்த இடைவெளிதான் இலக்கணம். நிரலைப் படம் பிடித்து அனுப்புகிறவர்களைப் பற்றி நான் பேசுவதாக இல்லை.

நோட்பேட் போதும். ஆனால் சேமிக்கும்போது கீழே ஒரு பெட்டி கேட்கும்: எந்தக் குறியாக்கம்? இவன் மாறிக்கு 'விலை' என்று தமிழிலேயே பெயர் வைத்திருந்தான். 2008இல் வந்த பைத்தான் 3 அதை ஏற்கும். பழைய 'ஆன்சி'யில் சேமித்தால் 'விலை' நாலு கேள்விக்குறியாகிவிடும். யூடிஎப்-8இல் 12 பைட்டாகப் பத்திரமாக இருக்கும்.

இந்தக் கேள்விக்குறிகளோடு எங்கள் தலைமுறைக்குப் பழைய உறவு. தொண்ணூறுகளில் எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம். நம் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் தட்டிய கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டமும் அந்தப் பாட்டைப் பட்டது: முதலில் இணைமதி, மயிலை எழுத்துருக்கள்; பிறகு டிஸ்கி குறியாக்கம்; அப்புறம் ஒருங்குறி. இத்தனை வீடு மாறியும் நூல்கள் பிழைத்தன. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை ஒன்று இருந்தால் வெறும் எழுத்துக் கோப்பை மாற்றிவிடலாம். அதே காலத்தில் ஒரு பக்க வடிவமைப்பு மென்பொருளில் நான் கட்டிய கல்யாணப் பத்திரிகை இன்றைக்கும் திறக்கவில்லை. தம்பதிக்குப் பேரப்பிள்ளையே வந்தாச்சு.

குறிகளை நேராக்கி யூடிஎப்-8இல் சேமித்ததும், பையன் நிரலோடு விலைப்பட்டியலையும் சேர்த்து 'ரார்' பொட்டலமாகக் கட்டினான். பிரிக்கச் சொன்னேன். 1989இல் பில் காட்ஸ் கொண்டுவந்த 'ஜிப்' அமைப்பு எல்லாருக்கும் பொது; விண்டோஸும் மேக்கும் தாமாகவே திறக்கும். ரார் கட்டத் தனி மென்பொருள் வேண்டும். பழைய கணினியில் பிரிக்கவும் வேண்டும்.

ஜிப் போனது. ஐந்து நிமிடத்தில் ஈப்போவிலிருந்து பதில்: "ஓடுதுடா. ஆனா முட்டைக்கோஸ் விலை தப்பு."