சேர்ந்து பாடக் கற்றுக்கொடுப்பது எப்படி?



நம் குழுக் கூட்டம் பாட்டோடுதான் தொடங்குகிறது. ஆனால் நடப்பது என்ன? நன்றாகப் பாடுகிற ஒருவர் பாடுவார். இரண்டு மூன்று பேர் கூடப் பாடுவார்கள். மற்றவர்கள் சேமிப்பு நோட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். பாட்டு முடிந்ததும் "சரி, ஆரம்பிக்கலாமா?" என்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் மார்ச் 8 மகளிர் தின விழாவுக்காக 24 பேர் கொண்ட பாட்டுக்குழு ஒன்றை அமைத்தோம். அதில் ஐம்பது வயது தாண்டிய ஒரு அக்காவின் குரல் மற்றவர்களோடு சேரவே இல்லை. விழாவுக்கு அதிகாரிகள் வருகிறார்களே என்ற பயத்தில், "அக்கா, நீங்க வாயை மட்டும் அசைங்க, போதும்" என்று சொல்லிவிட்டோம். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். விழா நன்றாக முடிந்தது.

அடுத்த இரண்டு மாதமும் குழுக் கூட்டத்தில் அந்த அக்கா பேசவே இல்லை. கடன் யாருக்குக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோதும் சும்மா இருந்தார். காரணம் கேட்டோம். "நான் பேசினா சரியா வருமோ வராதோ மேடம்" என்றார். எங்களுக்குச் சுருக்கென்றது. பெண்களைப் பேச வைக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போகிற நாங்களே ஒரு பெண்ணின் வாயை அடைத்திருந்தோம்.

அதன் பிறகுதான், தேவாலயப் பாடகர் குழுவைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் ஓர் ஆசிரியையிடம் போனோம். அவரிடம் கற்றதையும், பிறகு நாங்களே செய்து பார்த்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

சேர்ந்திசை நமக்குப் புதிதல்ல

பலர் ஒரே குரலாகச் சேர்ந்து பாடுவதைச் சேர்ந்திசை என்பார்கள். சென்னையில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், மெட்ராஸ் யூத் கொயர் என்ற குழுவை 1970களில் வளர்த்தெடுத்தார். பாரதியார் பாடல்களைப் பலர் சேர்ந்து பாடும்படி அமைத்துப் பயிற்சி கொடுத்தார். 1988இல் அவர் மறைந்த பிறகும் அந்தக் குழுவின் பணி தொடர்ந்தது.

நம் கும்மியிலும் நடவுப் பாட்டிலும்கூட ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். ஆகவே வேர் நம்மிடமே இருக்கிறது. பழக்கம்தான் வேண்டும்.

பாட்டை நடத்துபவர் கவனிக்க வேண்டியவை

1. முதலில் சுருதி. நாம் சினிமாப் பாட்டைக் கேட்டு, அதே உயரத்தில் தொடங்கிவிடுகிறோம். சரணம் வரும்போது பாதிப் பேருக்குக் குரல் எட்டுவதில்லை. கச்சேரி செய்யும் பெண்கள் பலர் 5 கட்டையை ஒட்டிப் பாடுகிறார்கள். அது பயிற்சி பெற்ற குரல். நமக்கு அந்த உயரம் தேவையில்லை. வயது ஏற ஏறக் குரலும் கொஞ்சம் இறங்கும். எங்கள் குழுவுக்கு 3 கட்டைதான் சரியாக இருந்தது. ஆர்மோனியம் இல்லையா? பாட்டின் மிக உயரமான வரியை முதலில் எல்லோரையும் பாடச் சொல்லுங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் சுருதியை இறக்குங்கள்.

2. மூச்சு. நிமிர்ந்து உட்கார்ந்து, வயிறு விரியும்படி மூச்சு எடுக்க வேண்டும். தோள் தூக்கக் கூடாது. நீளமான வரியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் பாட்டு அறுந்துபோகும். பக்கத்தில் இருப்பவர் எடுக்கும்போது நாம் எடுக்காமல் மாற்றி மாற்றி எடுத்தால் பாட்டு தொடர்ந்து ஓடும். தொடங்கும் முன் இரண்டு நிமிடம் வாயை மூடி "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் முனகினால் தொண்டை பதமாகும்.

3. வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தல். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நம்மில் உண்டு. காகிதத்தைக் கையில் கொடுத்தால் அவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். முதலில் பாட்டின் பொருளைச் சொல்லுங்கள். பிறகு ஒரு வரியை இரண்டு தடவை பாடுங்கள்; அவர்கள் கேட்கட்டும். மூன்றாம் தடவை அவர்கள் பாடட்டும். நீங்கள் பாடாதீர்கள், கேளுங்கள். இதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. நாங்களும் கூடவே பாடினால் யாருக்கு எந்த இடம் வரவில்லை என்பது எங்கள் காதில் விழாது.

4. கை. "ஒண்ணு, ரெண்டு" என்று கத்த வேண்டாம். கையை உயர்த்தும்போது எல்லோரும் மூச்சு எடுக்க வேண்டும், இறக்கும்போது தொடங்க வேண்டும், விரலை மடக்கினால் நிறுத்த வேண்டும். இந்த மூன்றும் பழகினாலே போதும்.

5. சேராத குரல். "எனக்குப் பாட வராது" என்பவர்களில் மிகச் சிலருக்குத்தான் உண்மையிலேயே சுருதி பிடிபடாது. மற்றவர்களுக்குப் பழக்கம் இருக்காது, அல்லது நாம் பிடித்த சுருதி அவர்கள் குரலுக்கு ஒத்துவராது. இதற்கு அந்த ஆசிரியை ஒரு வழி சொன்னார். அவரை நம் சுருதிக்கு இழுக்கக் கூடாது. நாம் அவர் சுருதிக்குப் போக வேண்டும். அவருக்கு வருகிற சத்தத்தில் "ஆ" என்று பாடச் சொல்லி, அதையே நாமும் பாட வேண்டும். இரண்டு குரலும் ஒட்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். பாடும்போது நிதானமாகப் பாடும் இரண்டு பேருக்கு நடுவில் அவரை உட்கார வைக்க வேண்டும்.

6. பொறுப்பு மாற வேண்டும். ஊக்குநரும் பிரதிநிதியும் மாறி வருவது போலப் பாட்டை நடத்துபவரும் மாற வேண்டும். மாதம் ஒருவர் எடுத்துக்கொடுக்கட்டும். ஒருவரையே நம்பியிருந்தால் அவர் வராத நாளில் பாட்டே இருக்காது.

அந்த அக்கா என்ன ஆனார்?

அவரிடம் போய் முதலில் மன்னிப்புக் கேட்டோம். "அட, அதை நான் அப்பவே மறந்துட்டேன்" என்றார். மறக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். சுருதியை இறக்கிப் பாடியபோதுதான் விஷயம் விளங்கியது. அவருக்குக் கனமான, இறங்கின குரல். நாங்கள் பிடித்திருந்த உயரத்துக்கு அது வரவில்லை, அவ்வளவுதான். இப்போது பாட்டின் கீழ்வரிகளுக்கு அவர் குரல்தான் பலம்.

சில மாதம் கழித்து ஒரு கூட்டத்தில் வட்டிக் கணக்கில் இருந்த பிழையை அவர்தான் எடுத்துச் சொன்னார். பாட்டுதான் காரணம் என்று நாங்கள் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் வாயை மட்டும் அசைக்கச் சொன்னால் ஒரு பெண் எல்லா இடத்திலும் வாயை மட்டும்தான் அசைப்பாள் என்பதைக் கற்றுக்கொண்டோம். தீர்மானத்துக்குக் கைதூக்கும்போதும் அப்படித்தான்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் குழுவில் பாடாமல் இருப்பவர் யார் என்று பாருங்கள். அவருக்கு ஏற்ற சுருதியில் பாட்டைத் தொடங்குங்கள். என்ன நடந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.