தேர்நாள் ஒப்புட்டு

மகாசிவராத்திரியையொட்டி வெள்ளகோவில் வீரக்குமாரசுவாமிக்குத் தேரோடும் நாள்களில், குலதெய்வத்தைத் தரிசிக்க வரும் உறவினர்களுக்காக எங்கள் வீட்டில் ஒப்புட்டு சுடுவது வழக்கம். பிற ஊரார் போளி என்பர். மனைவி மறைந்தபின் இரண்டாண்டுகள் அது நின்றது. சென்ற ஆண்டு, வங்கிக் கணக்கு மட்டுமே அறிந்த நான் துணிந்தேன்.

200 கிராம் கடலைப்பருப்பைக் குழையாமல் வேகவைத்து, நீரை முற்றும் வடித்து, அதே அளவு வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து அரைத்துக் கெட்டியாகக் கிளறினேன். வடித்த நீரில் ரசம் வைப்பது அவள் கற்பித்த சிக்கனம். மைதாவை நல்லெண்ணெய் விட்டுத் தளரப் பிசைந்து 2 மணி நேரம் ஊறவிட வேண்டும். நான் அவசரப்பட்டேன், முதல் மூன்றும் கிழிந்து பூரணம் வெளிவந்தது.

"மாமா, மாவு இன்னுங் கொஞ்சம் ஊறட்டுங்க" என்றாள் மருமகள்.

நான்காவது முழுதாக வந்தது. சுவை பாராமல் வாழையிலையில் வைத்துச் சுவாமிக்குப் படைத்தோம். சர்க்கரை நோயுள்ள அக்கா பாதி போதும் என்றார். பின்னர் மீதியையும் கேட்டு வாங்கினார்.